ஒன்பதாம் நம்பர் மெஷினும் உசேனப்பாவின் குரலும்

எர்ரவங்கப்பள்ளி கரண்டு ஆபீசின் பில் மெஷின்களை யாராலும் சாகடிக்க முடியாது என்பது ஊரறிந்த விஷயம். வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து, வாசலிலேயே பில் அடித்துக் கிழித்துக் கொடுக்கிற கையடக்க மெஷின்கள் அவை. அரைச் செங்கல் கனம். ஓரமெல்லாம் தடித்த கறுப்பு ரப்பர். ஆறடி உயரத்திலிருந்து விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்று வந்த பெட்டியிலேயே படம் போட்டிருந்தது. நம் மீட்டர் ரீடர்கள் படத்தை நம்புகிற ஜாதியா? தாங்களே சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

நாலாம் நம்பரால் காலண்டருக்கு ஆணி அடித்திருக்கிறார்கள். பதினேழாம் நம்பர் ஒரு மழைக்காலம் முழுக்க ஆடுகிற கட்டில் காலுக்கு முட்டுக்கொடுத்தது. ஒன்பதாம் நம்பரின் வரலாறோ தனிப் புராணம். சின்ன மாபு என்கிற ரீடரின் கை நழுவி அது மாடியிலிருந்து கடப்பைக்கல் தரையில் விழுந்தது. எருமைத் தொட்டிக்குள் ஒரு ராத்திரி கிடந்தது. ஒரு நாய் அதைக் கவ்விக்கொண்டுபோய் ரெட்டியார் சோளக்காட்டில் புதைத்தது. மூன்று நாள் கழித்துத் தோண்டி எடுத்து மண்ணைத் தட்டிப் பொத்தானை அமுக்கினால், விட்ட இடத்திலிருந்து பில் அடித்தது.

இந்த இருபத்திமூன்று மெஷின்களுக்கும் தாயும் தகப்பனும் மத்திலேடிதான். வயது நாற்பத்தொன்று. ஆள் ஒல்லி, காது பெரிசு. பதினோரு வருஷமாகக் காண்டிராக்ட் கூலி. அதில் முதல் நாலு வருஷம் கம்பம் நடக் குழி தோண்டினான். எங்கள் பக்கத்துக் கல்பூமியில் குழி தோண்டுவதென்றால் கடப்பாரைக்கே காய்ச்சல் வரும். அவன் முதுகெலும்பில் நடுவில் ஒன்று அப்போது இடம் பெயர்ந்தது, இன்னும் வீடு திரும்பவில்லை. மெஷின்கள் பெட்டியில் வந்து இறங்கிய அன்று ஆபீசில் யாருக்கும் பெட்டியைத் திறக்கத் தைரியம் இல்லை. கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது? பெட்டியைச் சுமந்து வந்தவனே திறக்கட்டும் என்றார்கள். திறந்தான். உள்ளேயிருந்த புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தான். அன்றைக்குக் கடப்பாரையைக் கீழே வைத்தவன், பன்னிரண்டாம் வகுப்பான இன்டரில் பெயிலானதற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னான். பாஸாகியிருந்தால் ஹைதராபாத்தில் எவனுக்காவது டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பானே!

அவனிடம் இன்னொரு வித்தையும் உண்டு. யார் குரலையும் அப்படியே பேசுவான். பெரிய சார் சேஷபணி மூக்கால் "ஆ... என்னப்பா" என்று இழுப்பதை இவன் பக்கத்து அறையிலிருந்து இழுத்தால், தூங்குகிற சூப்பரிண்டெண்டு துள்ளி எழுந்து ஃபைலைப் புரட்டுவார். லைன்மேன் உசேனப்பாவின் கரகரத்த குரல், பேச்சுக்கு நடுவே வருகிற ரெட்டை இருமல், எல்லாம் அத்துப்படி. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஆபீசுக்கு வேறு சினிமா தேவைப்படவில்லை.

சாகாத மெஷினுக்கும் ஒரு உயிர்நிலை இருந்தது. ஏழு கடல் தாண்டிக் கிளியின் கழுத்தில் உயிரை ஒளித்துவைத்த ராட்சசன் கதைதான். ரேட்டு மாறும்போதெல்லாம் மெஷினுக்குள் புது சாஃப்ட்வேர் ஏற்ற வேண்டும். மெஷினை ஸ்டாண்டில் உட்காரவைத்து, கம்ப்யூட்டரில் ஓகே கொடுத்தால், அது முதலில் உள்ளேயிருக்கிற பழைய மெமரியைத் துடைத்துப்போடும், பிறகு புதுசை எழுதும். ஏழு நிமிஷம். அந்த ஏழு நிமிஷம் மெஷினுக்குப் பழசும் கிடையாது, புதுசும் கிடையாது; தான் யார் என்றே அதற்குத் தெரியாது. பாட்டரிகள் ஏழு வருஷக் கிழடுகள், ஸ்டாண்டில் கரண்டு இருக்கிறவரைதான் உயிர். நடுவில் கரண்டு ஒரு கண்சிமிட்டல் போனால் போதும். எருமைத் தொட்டியில் நீந்திய மெஷின், மறுபடி எழுந்திருக்காது.

அந்தக் கண்டம் வேறெங்கும் இல்லாவிட்டாலும் கரண்டு ஆபீசில் உண்டு. ஊருக்கெல்லாம் கரண்டு கொடுக்கிற ஆபீசில் கரண்டு நிற்காது என்று நீங்கள் நினைத்தால், நீங்கள் ஊருக்குப் புதுசு. யூபிஎஸ் ஒன்று இருந்தது. அதன் பாட்டரியை விநாயக சவிதிப் பந்தல் மைக் செட்டுக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். ஒன்பது நாள் பஜனை பாடிவிட்டு வந்த பாட்டரி, வந்ததும் மௌனவிரதம் எடுத்துக்கொண்டது.

போன வருஷம் இரண்டு மெஷின்கள் இப்படிச் செத்தன. அதனால் இந்த முறை மார்ச் முப்பதாம் தேதி பெரிய சார் மத்திலேடியைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஆ... என்னப்பா மத்திலேடி. ஒண்ணாந்தேதி புது ரேட்டு. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு கர்னூல் பெரிய ஆபீஸ்ல சர்வரை மூடிருவாங்க. அதுக்குள்ள இருபத்திமூணும் முடியணும்."

"முடிச்சிருவேன் சார்."

"முடிக்கலேன்னா கர்னூல் கம்பெனி ஆள் ஒருத்தன் ரெடியா இருக்கான். மெஷின் வேலை பூரா அவனுக்கு. நீ மறுபடி லைன் கேங்குக்குப் போயிர வேண்டியதுதான்."

லைன் கேங்கு என்றால் குழி. மத்திலேடியின் முதுகு அந்த வார்த்தையைக் கேட்டதுமே வலித்தது.

அவன் நேராக நந்தியால் ரோட்டு சப்ஸ்டேஷனுக்குத்தான் போனான். அங்கே ஆபரேட்டர் தஸ்தகிரி, அவனுடைய அக்கா புருஷன்; இவனுக்கு அவர் பாவா, அவருக்கு இவன் பாமர்தி. ஊருக்குக் கரண்டு விடுவதும் நிறுத்துவதும் அந்தக் கைதான். தஸ்தகிரி மாதிரி நியாயவான் நாலு மண்டலத்தில் கிடையாது. அவரோடு குடித்தனம் செய்கிற அக்காவைக் கேட்டால்தான் அதன் அருமை தெரியும். சட்டைப்பையில் மூன்று பேனா, மேசையில் தடித்த லாக் புத்தகம். காலையில் பொரி உக்காணி சாப்பிட்டதைத் தவிர மற்றதெல்லாம் மணியோடு அதில் எழுதப்பட்டிருக்கும்.

"பாவா, நாளைக்குப் பத்துல இருந்து ரெண்டு வரைக்கும் டவுன் லைன்ல கைய வைக்காத."

"யாரு சொல்றது?"

"நான்தான் சொல்றேன்."

"நீ யாரு?"

"உன் பொண்டாட்டி தம்பி."

"அது வீட்ல. இங்க யாரு?" தஸ்தகிரி புத்தகத்தைத் திறந்து காட்டினார். "பாரு பாமர்தி. நிறுத்துன்னு சொல்றவனுக்கு ஒரு கட்டம் போட்டிருக்கு. குடுன்னு சொல்றவனுக்கு ஒரு கட்டம் போட்டிருக்கு. சும்மா இருன்னு சொல்றவனுக்குக் கட்டமே இல்லையே, உன்ன எங்க எழுதட்டும்?"

அன்று வீட்டில் அக்கா சோள ரொட்டியைத் தட்டில் வைத்த சத்தம் தஸ்தகிரிக்குப் புரிந்திருக்க வேண்டும். காலையில் போன் செய்தார்.

"கேளு. கர்னூல்ல இருந்து கால் மணி நிறுத்துன்னு உத்தரவு வந்தா, கிராமத்து லைன நிறுத்திக்கறேன். உன் லைன தொடல. ஆனா எவனாவது கம்பத்துல ஏறணும்னு லைன் கிளியர் கேட்டான்னா, நிறுத்திருவேன். அதுக்கு எங்கம்மாவே வந்து அழுதாலும் கேக்க மாட்டேன்."

"அது போதும் பாவா. யாரு இந்த வெயில்ல ஏறப்போறா."

லைன் கிளியர் என்பது லைன்மேன்களின் வேதம். ஏறுகிறவன் சப்ஸ்டேஷனுக்குப் போன் செய்து தன் பேரில் கரண்டை நிறுத்தச் சொல்வான். புத்தகத்தில் நம்பர் விழும். வேலை முடிந்து இறங்கி, அவனே தன் வாயால் "ரிட்டர்ன்" என்று சொன்னால்தான் மறுபடி கரண்டு. இடையில் கலெக்டர் சொன்னாலும் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன் கிரிக்கெட் ஃபைனல் அன்று உசேனப்பா லைன் கிளியர் எடுத்து, வேலையை முடித்து, ரிட்டர்ன் சொல்ல மறந்து வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டான். ஊரே சப்ஸ்டேஷன் கேட்டில் வந்து கத்தியது. கல்லெறிந்தார்கள். தஸ்தகிரி மேசைக்கு அடியில் உட்கார்ந்து கல்லெறிந்த நேரத்தை லாக் புத்தகத்தில் எழுதினார். உசேனப்பாவைத் தேடிப்பிடித்து எழுப்பிப் போனைக் காதில் வைத்தபிறகுதான் சுவிட்சில் கை வைத்தார். அதற்குள் மேட்ச் முடிந்து பரிசும் கொடுத்துவிட்டார்கள்.

முப்பத்தொன்றாம் தேதி பத்து மணிக்கு மத்திலேடி குளித்து நாமம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். ரீடர்கள் ஸ்டாண்டுக்கு ஒரு எலுமிச்சம்பழம் கட்டினார்கள். ஒன்று முடிந்தது. இரண்டு முடிந்தது. ஒவ்வொரு மெஷினும் "டொய்ங்" என்று சொல்லிக் கண் திறந்தபோது, பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவர்கள் மாதிரி ரீடர்கள் கைகொடுத்துக்கொண்டார்கள். பதினொன்றே காலுக்கு எட்டு முடிந்திருந்தது. மத்திலேடி கணக்குப் போட்டான்; இந்த வேகத்தில் ஒன்றே முக்காலுக்குள் எல்லாம் முடிந்துவிடும். சந்தோஷத்தில் பெரிய சார் குரலில் எல்லாருக்கும் டீ சொன்னான்.

ஒன்பதாம் நம்பரை ஸ்டாண்டில் வைத்தான். சின்ன மாபு பக்கத்தில் நின்றான். திரையில் கோடு பாதி தூரம் போயிருக்கும். மின்விசிறி தலைக்குமேல் ஒரு சுற்றுச் சுற்றி, யோசித்து, நின்றது.

மத்திலேடி ஒன்பதாம் நம்பரைக் கையில் எடுத்துப் பொத்தானை அமுக்கினான். குலுக்கினான். நெஞ்சோடு வைத்துத் தட்டினான். ஒன்றும் இல்லை.

"நாய் புதைச்சப்போ கூடப் பொழைச்சுது அண்ணா," என்றான் சின்ன மாபு. அவன் கண் கலங்கிவிட்டது. சிரிக்காதீர்கள், ஏழு வருஷம் தோளில் தொங்கிய பண்டம்.

மத்திலேடி போனை எடுத்தான். "பாவா! என்ன பாவா பண்ணின?"

"லைன் கிளியர். நம்பர் நாப்பத்தேழு. உசேனப்பா பேர்ல. தர்கா வீதியில கம்பி தொங்குதாம், பள்ளிக்கூடம் விடுறதுக்குள்ள கட்டணுமாம். இருபது நிமிஷம்னான்."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? ஏழு நிமிஷம் பொறுத்திருந்தா ஒரு உசுரு பொழைச்சிருக்கும்."

"குழந்தைங்க நடக்கிற வீதிடா," என்று சொல்லி வைத்துவிட்டார்.

இருபது நிமிஷம் போயிற்று. நாற்பது நிமிஷம் போயிற்று. உசேனப்பாவுக்குப் போன் செய்தால், அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள். பன்னிரண்டரைக்குப் பெரிய சார் எட்டிப் பார்த்தார். மேசைமேல் வரிசையாக நின்ற பதினாலு மெஷின்களைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. உள்ளே அவர் கர்னூலுக்குப் போன் போட்டு, "நாளைக்கு உங்க ஆளை அனுப்புங்க, எதுக்கும் இருக்கட்டும்" என்று சொல்வது கதவு வழியே கேட்டது.

மத்திலேடிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உசேனப்பா எங்கே போயிருப்பான்? இருபது நிமிஷ வேலை; ஒன்றரை மணி நேரம் ஆகப்போகிறது. வேலையை முடித்துவிட்டு, தர்கா வீதியிலேயே இருக்கிற தங்கச்சி வீட்டில் மூக்குமுட்டத் தின்றுவிட்டுக் குறட்டை விடுகிறான். வேறென்ன? கிரிக்கெட் அன்றைக்கும் இதைத்தானே செய்தான். நினைக்க நினைக்க மத்திலேடிக்கு அது நிச்சயமாகிக்கொண்டே வந்தது. குறட்டைச் சத்தமே காதில் விழுந்தது.

அவன் ஆபீசுக்குப் பின்னால், பழைய டிரான்ஸ்ஃபார்மர்கள் கிடக்கிற புதருக்கு அந்தப் பக்கம் போனான். சப்ஸ்டேஷன் போன் நம்பர் காட்டாத பழைய கறுப்புப் போன். நம்பர் நாற்பத்தேழு என்று பாவாவே சொல்லியிருக்கிறார். தொண்டையைச் செருமிக்கொண்டான். ஒரு கெட்ட காரியம் செய்கிறோம் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை; தெரிந்துதான் செய்தான்.

"ஹலோ, சப்ஸ்டேஷன்," என்றார் தஸ்தகிரி.

"தஸ்தகிரி, உசேனப்பா பேசறேன்." கரகரப்பு அச்சு அசல். ரெட்டை இருமல். "டவுன் லைன், லைன் கிளியர் நம்பர் நாப்பத்தேழு ரிட்டர்ன். ஆள் இறங்கியாச்சு. கரண்டு விட்டுக்கோ."

மறுமுனையில் பேனா மூடியைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ரொம்ப நேரம்.

"அப்புறம்?" என்றார் தஸ்தகிரி.

"அப்புறம் என்ன? அவ்ளோதான்."

"அவ்ளோதானா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

மத்திலேடி யோசித்தான். இருமலையும் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தான்.

"பாமர்தி," என்றார் தஸ்தகிரி மெதுவாக. "உசேனப்பாவும் நானும் ஒரே பெஞ்சுல படிச்சவங்க. இருபத்திரெண்டு வருஷமா எனக்கு ரிட்டர்ன் சொல்றான். ஒரு நாளாவது என் வம்சத்த இழுக்காம போன வச்சதில்ல. இன்னிக்குப் பொண்ணு வீட்டுக்காரன் மாதிரி மரியாதையா பேசறானே?"

மத்திலேடி உசேனப்பாவின் குரலை எடுத்திருந்தான், இருமலை எடுத்திருந்தான். அக்கா புருஷனைத் திட்டுவதற்கு மட்டும் அவன் வாய் வரவில்லை. அது அவன் மனசுக்கே தோன்றவில்லை.

"பாவா..."

"போயி அவனத் தேடு," என்றார் தஸ்தகிரி. போன் வைக்கப்பட்டது.

மத்திலேடி சின்ன மாபுவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு தர்கா வீதிக்கு மிதித்தான். வழியெல்லாம் தஸ்தகிரியைத் திட்டினான். இப்போது வாய் சரளமாக வந்தது. வீட்டுக்குள் போய் அந்தக் கும்பகர்ணனை உலுக்கி எழுப்பி, போனை வாயில் திணிக்க வேண்டும் என்பதுதான் அவன் திட்டம். தங்கச்சி வீட்டுக் கதவு பூட்டிக் கிடந்தது. வீதியில் ஈ காக்கை இல்லை. ஒரு ஆடு மட்டும் சாக்கடை ஓரமாக நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அவனும் மேலே பார்த்தான்.

கம்பத்தின் உச்சியில் உசேனப்பா இருந்தான். ஒரு காலைக் குறுக்குச் சட்டத்தில் மடித்துப்போட்டு, இடுப்பில் கயிறு, வாயில் பீடி. கையுறை இரண்டையும் கழற்றி இடுப்பில் செருகியிருந்தான். இடது முழங்கையைக் கம்பிமேல் ஊன்றி, மாடி வராந்தாவில் நிற்கிற ஜமீன்தார் மாதிரி சாய்ந்துகொண்டிருந்தான். வெறும் முழங்கை. வெறும் கம்பி.

மத்திலேடி சைக்கிளிலிருந்து இறங்கினான் என்று சொல்வது சரியில்லை. சைக்கிள் ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாக விழுந்தார்கள்.

"ஏண்டா மத்திலேடி! என்னடா, வெயிலா?" என்று மேலிருந்து சத்தம் வந்தது. "நல்ல நேரத்துல வந்த. இன்சுலேட்டரே ஒடஞ்சு போச்சுடா, ரெண்டாவது கம்பியும் கருகிக் கெடக்கு. போனு வேற சாக்கடையில விழுந்து செத்துப்போச்சு. உன் மெஷின் மாதிரி ஒண்ணு குடுத்தா என்னவாம்?"

"அண்ணா, கைய எடுங்க," என்றான் மத்திலேடி.

"எங்கிருந்து?"

"கம்பியில இருந்து."

"ஏன், கம்பிக்கு வலிக்குதா?" உசேனப்பா சிரித்தான். "பயப்படாதடா. அங்க தஸ்தகிரி உக்காந்திருக்கான். நான் சொல்லாம பிரம்மதேவன் வந்தாலும் விட மாட்டான். நான் நிம்மதியா ஒரு பீடி குடிச்சுக்கறேன்."

மத்திலேடி தரையில் உட்கார்ந்து தலையைக் கையில் பிடித்துக்கொண்டான். வெயில் நாற்பத்திரண்டு டிகிரி. அவனுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. பிறகு எழுந்து ஆபீசுக்குப் போகவில்லை. இன்சுலேட்டரைக் கடையிலிருந்து வாங்கிவந்தான், கயிற்றில் கட்டி மேலே அனுப்பினான், ஸ்பானர் கேட்டால் ஸ்பானர், தண்ணீர் கேட்டால் தண்ணீர். "சீக்கிரம்" என்ற சொல்லை அவன் வாய் ஒரு தடவையும் சொல்லவில்லை. பெரிய சாரிடமிருந்து நாலு முறை போன் வந்தது. எடுக்கவில்லை.

மூணே முக்காலுக்கு உசேனப்பா இறங்கினான். மத்திலேடியின் போனை வாங்கிச் சப்ஸ்டேஷனுக்குப் போட்டான்.

"ஏண்டா தஸ்தகிரி, சுவிட்சுக்குப் பொறந்தவனே! உங்க தாத்தன் வச்ச கரண்டாடா இது? நாப்பத்தேழு ரிட்டர்ன். விட்டுத் தொலை!"

வீதி முழுக்கக் கரண்டு வந்தது. ஒரு வீட்டில் மிக்சி தானாக ஓட ஆரம்பித்தது.

ஆபீசுக்கு வந்து மத்திலேடி மிச்சத்தை ஏற்றினான். ஏழு மெஷின்கள் கண் திறந்தன. எட்டாவதை ஸ்டாண்டில் வைக்கும்போது மணி ஐந்து. கர்னூல் கதவைச் சாத்திவிட்டது. செத்தது ஒன்று, மிச்சம் ஏழு. பெரிய சார் வந்தார், எண்ணிப் பார்த்தார்.

"நாளையில இருந்து உசேனப்பா கேங்குல சேந்துக்கோ," என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

மத்திலேடி ஸ்டாண்டில் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தை அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சப்ஸ்டேஷனுக்கு நடந்தான். அங்கே உசேனப்பா லாக் புத்தகத்தில் கையெழுத்துப் போட வந்திருந்தான். கையெழுத்துக்கு மேலே இருந்த வரியைப் பார்த்துவிட்டு உரக்கப் படித்தான்.

"பன்னெண்டு ஐம்பது. டவுன் லைன், நம்பர் நாற்பத்தேழு, குரல் மூலம் ரிட்டர்ன். திட்டவில்லை. ஏற்கப்படவில்லை." உசேனப்பா தொடையில் தட்டிச் சிரித்தான். "என்னடா தஸ்தகிரி எழுதி வச்சிருக்க! யாருடா அது திட்டாதவன்?"

தஸ்தகிரி மீட்டர் பெட்டிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் பேர் எழுதவில்லை, பேர் சொல்லவும் போவதில்லை என்று மத்திலேடிக்குத் தெரிந்தது. சும்மா இருந்திருக்கலாம். இத்தனை வருஷத்தில் அந்தப் புத்தகத்தை எழுதினவரைத் தவிர வேறொருத்தர் படித்தது இன்றைக்குத்தான்.

"நான்தான்ணா," என்றான்.

"நீயா? எதுக்கு?"

"நீங்க இறங்கிட்டீங்கன்னு நெனச்சேன். மெஷின் ஏத்தணும்... உங்க குரல்ல பேசினேன்."

உசேனப்பாவின் சிரிப்பு முகத்திலேயே சற்று நேரம் தங்கியிருந்தது. சேதி உள்ளே போய்ச் சேர நேரமாயிற்று. "பேசு, கேப்போம்," என்றான்.

"வேண்டாம்ணா."

"பேசுடா."

மத்திலேடி பேசினான். கரகரப்பு, இருமல், ஆள் இறங்கியாச்சு, கரண்டு விட்டுக்கோ. உசேனப்பா தன் குரலை இன்னொருத்தன் வாயிலிருந்து கேட்டுக்கொண்டு நின்றான். கை தானாக இடது முழங்கையைத் தடவியது.

"நல்லாத்தான் பேசற," என்றான். "எம் பொண்டாட்டியே ஏமாந்திருப்பா."

அறைவான் என்று மத்திலேடி எதிர்பார்த்தான். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உசேனப்பா கையெழுத்தைப் போட்டான், பேனாவைத் தஸ்தகிரியின் பையில் செருகினான், வாசலில் நின்று திரும்பினான்.

"நாளைக்கு என் கேங்குல வர்ற இல்ல?"

"ஆமாண்ணா."

"குழி தோண்ட வேண்டாம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு கம்பத்துல வேல இருக்கு. மொதல்ல நீ ஏறு. நான் கீழ நின்னு போனப் பாத்துக்கறேன்."

மறுநாள் காலை மத்திலேடி ஏறினான். முதுகு வலித்தது. கீழே உசேனப்பா தன் பேரில் லைன் கிளியர் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கம்பத்தடியில் குந்தியிருந்தான். கம்பியைத் தொடுவதற்கு முன் மத்திலேடி மூன்று சாமிகளைக் கும்பிட்டான். தொட்டான். வெயிலில் கிடந்த சூடு மட்டும்தான் இருந்தது. கிளாம்பைப் பொருத்தி முதல் திருகைத் திருகுவதற்குள், கீழே உசேனப்பா தன் சிம்மைப் போட்டுவைத்திருந்த இரவல் போன் அடித்தது.

பெரிய சார் குரல் கம்பத்து உச்சி வரை கேட்டது. "ஆ... என்னப்பா உசேனப்பா! கர்னூல் ஆள் வந்து, சர்வரை மறுபடி திறக்கச் சொல்லி, மெஷினை ஸ்டாண்டுல வச்சிருக்கான், பாதியில கரண்டு போச்சு! என்ன வேலை அது, அப்புறம் பண்ணிக்கலாம். உடனே ரிட்டர்ன் சொல்லு!"

மத்திலேடி கீழே பார்த்தான். இரண்டு கையும் கம்பியில் இருந்தன. உசேனப்பா அவனை அண்ணாந்து பார்த்தான். பீடியை வாயிலிருந்து எடுத்தான். ரெட்டை இருமல் இருமினான்.

"ஆள் மேல இருக்கான் சார்," என்றான்.

"யாரு அது?"

"நம்ம மத்திலேடி சார். வேல முடிய ஒரு மணி ஆகும்." போனை வைத்துவிட்டு மேலே பார்த்துக் கத்தினான். "நீ நிதானமாத் திருகுடா."

மத்திலேடி நிதானமாகத் திருகினான். கண்ணில் தண்ணீர் வந்து கிளாம்பு மங்கலாகத் தெரிந்தது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை, அப்படியே திருகினான்.